விமானத்துக்கு வைத்த பொட்டு

முகம்மது ஹுசைன் பயந்த சுபாவக்காரர். இதை ஊரில் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஊருக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வேறு. ஷார்ஜாவில் விமானப் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், தங்கமான மனுஷன். அந்தத் தங்கத்தில் பாதிக்கு மேல் பயம்தான் என்பது அவருடைய மனைவி ரூபியாவுக்கு மட்டும் தெரியும். பைக்கில் போகும்போது போலீஸ்காரர் கையைக் காட்டினால், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் பையில் இருந்தாலும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டலில் சாம்பாரில் பூச்சி கிடந்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வருவார்.

"சொன்னா என்னங்க, தலையையா சீவிருவான்?" என்பாள் ரூபியா.

"எதுக்குட்டி வம்பு" என்பார் இவர். ஆயுசில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இயந்திரங்களிடம் மட்டும் இந்தப் பயம் கிடையாது. ஒரு போல்ட் முரண்டு பிடித்தால் அதை வாய்க்கு வந்தபடி ஏசுவார். என்ஜின் சத்தத்தில் சின்னப் பிசிறு கேட்டாலும் மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. மனிதர்களிடம் செல்லாத அதிகாரத்தையெல்லாம் அவர் இரும்பிடம் காட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு விமானம் வந்து சேர்ந்தது பெரிய கூத்து. சங்கரன்கோவிலில் பருத்தி மில்லும் கல்யாண மண்டபமும் வைத்திருக்கும் சங்கரசுப்பு, வடக்கே எங்கேயோ மூடிப்போன ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஏலத்தில் அதை எடுத்தார். ஒற்றை என்ஜின். இரண்டு பேர் உட்காரலாம். இறக்கைகள் தனியாக, உடம்பு தனியாக லாரியில் வந்து இறங்கியது. பறப்பதற்காக அவர் அதை வாங்கவில்லை. மண்டபத்து வாசலில் நிறுத்தி வைத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி நின்று போட்டோ எடுப்பார்கள், மண்டபம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர் போட்ட திட்டம். இறக்கையை ஒட்ட வைத்துத் தரச் சொல்லித்தான் ஹுசைனைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் அந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டினார், குனிந்து பார்த்தார், பிறகு தன்னையறியாமல் சொல்லிவிட்டார்:

"மொதலாளி, இதைப் பறக்க வச்சிரலாம்."

அவர் வாழ்க்கையிலேயே துணிந்து சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். சொன்ன மாத்திரத்தில் பயந்தும் போனார். ஆனால் சங்கரசுப்பு பிடித்துக்கொண்டார். குருவிகுளம் போகிற வழியில் மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. கரிசல் காட்டில் செம்மண் கொட்டி, உருளை ஓட்டி, ஓடுதளம் போட்டார்கள். சென்னையிலிருந்து லைசென்ஸ் வைத்திருக்கும் இன்ஜினியர் ஒருவர் வந்து வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போனார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. விமானம் எழுந்து நின்றபோது சங்கரசுப்புவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இடையில் அவருக்கு வந்திருந்த, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையை டாக்டர்கள் ஒரே சீட்டில் முடித்து வைத்தார்கள். ஓட்ட ஆளில்லாத விமானத்தை வைத்துக்கொண்டு பூசையா பண்ண முடியும், விற்றுவிடலாம் என்றாள் அவர் மனைவி பொன்செல்வி.

பூசையும் பண்ணத்தான் செய்தாள். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, மில்லில் உள்ள எல்லா மெஷினுக்கும் ஆகிற மாதிரி அந்த விமானத்துக்கும் சந்தனமும் குங்குமமும் ஆகும். பொன்செல்வி தன் கையாலேயே வைப்பாள். ஹுசைன் மரியாதையாகத் தள்ளி நிற்பார். எல்லோரும் போன பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, படக்கூடாத இடத்தில் பட்டதை மட்டும் ஈரத்துணியால் துடைத்து எடுப்பார். ஒரு வருஷமும் யாரிடமும் இதை அவர் சொன்னதில்லை. எதுக்கு வம்பு.

ராஜபாளையத்திலிருந்து சண்முகையா என்பவர் விலைக்குக் கேட்டு வந்தார். பேச்சு முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் கைமாற வேண்டும் என்று ஆனி மாதக் கடைசியில் நாள் பார்த்தார்கள். ஒரு தடவை பறந்து காட்ட அனுமதியும் வாங்கியாகிவிட்டது. ஓட்டிப் பார்க்கச் சண்முகையா கூட்டி வந்தது ஜெயசித்ரா என்ற பைலட். சிவகிரிப் பெண்தான், மதுரையில் குடியிருக்கிறாள், பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாம் சரிதான். ஆனால் சண்முகையா ஒரு நிபந்தனை போட்டார்.

"பழைய டிராக்டர் வாங்கினாலே மெக்கானிக்கைப் பக்கத்துல உக்கார வச்சுத்தாம்வே ஓட்டிப் பாப்போம். பாயும் கூட ஏறட்டும். அவர் ஏறுனா எனக்கு நம்பிக்கை."

சங்கரசுப்பு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஹுசைனை யாரும் கேட்கவில்லை. ஷார்ஜாவுக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் மூடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஓதிக்கொண்டே வந்த மனுஷன் அவர் என்று யாருக்குத் தெரியும்? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

அன்று காலையில் ரூபியா அவர் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க செஞ்ச வண்டிதான? பிறகு என்ன நடுக்கம்?" என்றாள்.

"நான் செஞ்சதுதாம்ட்டி பயமே" என்றார். எத்தனை போல்ட் இருக்கிறது என்று அவருக்கல்லவா தெரியும். அவள் துஆ ஓதி அவர் நெஞ்சில் ஊதி அனுப்பி வைத்தாள்.

கொட்டகைக்கு அவர் போனபோதே கூட்டம் கூடிவிட்டது. மில் ஆட்கள், சண்முகையா குடும்பம், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் வந்த இளவட்டங்கள். எல்லார் கையிலும் போன். ஜெயசித்ரா விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் பார்த்தாள், பெட்ரோலைச் சொட்டு இறக்கிப் பார்த்தாள், இறக்கையை ஆட்டிப் பார்த்தாள். இடது பக்கம் கதவுக்குச் சற்று முன்னால் ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரு தகடு பதித்திருக்கும், அதன் நடுவே ஊசித்துளை. அதிலும் விரலை வைத்துப் பார்த்தாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத துளை. ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் உள்ளே இருக்கும் மூன்று கடிகாரங்களுக்குப் போகிறது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை அந்த முட்கள் சொல்ல வேண்டுமானால் அந்தத் துளை திறந்திருக்க வேண்டும்.

"நல்லா வச்சிருக்கீங்க பாய்" என்றாள். ஹுசைனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் பூசை. விற்றுப் போகிற பொருளானாலும் நம் வீட்டிலிருந்து போகிறது என்று பொன்செல்வி பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். பூசாரி மணியடித்தார். ஹுசைன் வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். சூடம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எமகண்டம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று சங்கரசுப்பு அவசரப்படுத்தினார். ஜெயசித்ரா ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சக்கரத்துக் கட்டையை எடுக்க இடது பக்கமாக வந்த ஹுசைன் அப்போதுதான் பார்த்தார். அந்த வட்டத் தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். பொட்டு வைக்கவே பதித்தது போன்ற வட்டம் அது, பொன்செல்வியைக் குற்றம் சொல்ல முடியாது. கெட்டியாக அரைத்த சந்தனத்தை ஆசையோடு அழுத்தி வைத்திருந்தாள்.

அவருடைய கை தோளில் கிடந்த துண்டுக்குப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது.

முன்னால் பத்துப் பதினைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி இன்னும் தட்டைக் கீழே வைக்கவில்லை. பூசை முடிந்த கையோடு ஒரு பாய் வந்து, சாமிக்கு வைத்த பொட்டைத் துண்டால் அழிக்கிறார். அதை எவனாவது படம் எடுத்து, முன்னும் பின்னும் வெட்டிவிட்டுப் போட்டால்? இந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தெரியாதவர்கள் எத்தனை பேர்? ரூபியா வீட்டில் தனியாக இருக்கிறாள். மகள் ஹஸ்னா பானு தினமும் பஸ் ஏறிக் காலேஜ் போகிறாள். இவ்வளவும் அவர் மனதில் ஓடி முடிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. பொன்செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில், நீ வைத்த பொட்டு தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

சந்தனம்தானே, காய்ந்தால் உதிர்ந்துவிடும், காற்று வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு போல்ட்டிடம் இப்படிச் சமாதானம் பேசியிருப்பாரா? மாட்டார். கட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, சுற்றி வந்து, வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க பாய், சும்மா ஒரு ரவுண்டுதான்" என்றாள் ஜெயசித்ரா, காதில் மாட்டிய கருவி வழியாக.

விமானம் ஓடியது. வேக முள் ஒழுங்காக ஏறியது. செம்மண் கீழே நழுவியது. பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணை மூடினார். பிறகு மூடமுடியாமல் திறந்தார். பார்க்கக்கூடாது என்று நினைத்த இடத்தைத்தான் கண் முதலில் பார்த்தது. உயரம் காட்டும் முள் அசையவே இல்லை. கீழே மில் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. அந்த முள்ளின் கணக்குப்படி அவர்கள் இன்னும் தரையில்தான் இருந்தார்கள்.

மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆனிக் காற்று விமானத்தைப் பிடித்து உலுக்கியது. ஏற ஏற வேக முள் இறங்கிக்கொண்டே வந்தது. துளை அடைபட்டால் அது அப்படித்தான் பொய் சொல்லும், அவருக்குத் தெரியும். ஜெயசித்ராவுக்குத் தெரிந்ததெல்லாம் வேகம் குறைகிறது என்பதுதான்.

"என்ஜின் இழுக்கலையே பாய். ஸ்பீடு விழுதே." அவள் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மூக்கைக் கீழே தாழ்த்தினாள். என்ஜின் அலறியது. வேகம் அதிகமாகத்தான் இருந்தது, முள் மட்டும் இல்லை என்றது. அவள் இன்னும் தாழ்த்தினாள். எதிரே காற்றாலைகள் வரிசையாக நின்றன. தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துப் பழகிய அந்த வெள்ளை இறக்கைகள் இப்போது கண்ணுக்கு நேராகச் சுற்றின.

ஹுசைனுக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பூச்சி விழுந்த சாம்பார் இறங்கிய தொண்டைதானே, பேசப் பழகவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரு தாய் இருப்பாள், சிவகிரியில் உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருப்பாள் என்று என்னவோ தோன்றியது. அடக்கம் பண்ணத் தன்னுடைய மய்யத்துகூட முழுசாகக் கிடைக்காது என்றும் தோன்றியது.

"இறக்கிரட்டுமா? அந்தத் தரிசுல இறக்கிரட்டுமா?" ஜெயசித்ரா கேட்டது அவரிடம் இல்லை, தன்னிடமே.

"மேடம்" என்றார். "சந்தனம்."

"என்னது?"

"அந்தத் தொளையில சந்தனம் இருக்கு மேடம். பொட்டு வச்சிட்டாவ. முள்ளு பொய் சொல்லுது. என்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஸ்பீடு இருக்கு, நீங்க மேல தூக்குங்க. தூக்குங்கம்மா!"

அவள் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிடியை இழுத்தாள். காற்றாலைகள் காலுக்கடியில் போயின. அவற்றின் நிழல் கரிசலில் சுற்றுவதை ஹுசைன் பார்த்தார். வேண்டாத வேலை.

"ஏறுததுக்கு முந்தியே தெரியுமா உங்களுக்கு?" மதுரைப் பேச்சு கழன்று, அவளுக்குச் சிவகிரி வந்துவிட்டது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, அதை அப்புறம் பேசுவோம். ஏத்தம் இறக்கம் காட்டுத கடிகாரம் இருக்குல்லா, அது கண்ணாடியை உடைங்க. மூணுக்கும் ஒரே குழாதான், இங்க இருக்க காத்தாவது அதுக்குள்ள போகட்டும்."

அந்தக் கடிகாரத்தை அவர்தான் தேடிப் பிடித்து வரவழைத்துப் பொருத்தியிருந்தார். சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்பேனரை எடுத்து ஒரே போடு போட்டார். கண்ணாடி நொறுங்கியது. உயர முள் துள்ளி மேலே ஏறியது, வேக முள்ளும் பின்னாலேயே ஏறியது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உண்மையைச் சொன்னது. ஜெயசித்ராவுக்கு மூச்சு வந்தது. அகலமாக ஒரு வட்டம் போட்டு, செம்மண்ணில் இரண்டு குதி குதித்து, விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

என்ஜினை அணைத்த பிறகும் இரண்டு பேரும் இறங்கவில்லை. தூரத்தில் கூட்டம் கை தட்டிக்கொண்டே ஓடி வந்தது. கீழே இருந்தவர்களுக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் தெரிந்திருக்கிறது.

"வண்டியில குறை இல்ல, அதை நான் சொல்லிருதேன்" என்றாள் ஜெயசித்ரா. "தொளையில குளவி மண்ணு வச்சிருந்துச்சுன்னு சொல்லிரட்டுமா? அப்பப்ப நடக்கதுதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஹுசைனுக்கு அவள் காலில் விழலாம் போல் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே இறங்கினார். இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொன்செல்வி ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டாள். அவள் முகம் பூரித்துக் கிடந்தது. பின்னால் சண்முகையா வந்தார்.

"மேல போனதைப் பாத்ததும் மெய்சிலிர்த்துப் போச்சு தாயி" என்றார் அவளிடம். "உங்க கைராசி. நானும் வெள்ளிக்கு வெள்ளி இதே மாதிரி பொட்டு வச்சு, சூடம் காட்டித்தான் எடுக்கச் சொல்லப்போறேன். எந்தெந்த இடத்துல வச்சீங்களோ அப்படியே போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

குளவிக் கதை ஹுசைனின் வாயிலேயே செத்துப்போனது. வெள்ளிக்கு வெள்ளி. அந்த வட்டத்தில். அடுத்த தடவை பக்கத்தில் உட்கார்ந்து சந்தனம் என்று சொல்ல இவர் இருக்க மாட்டார். ஆகாயத்தில் வந்த பயம் பெரிதா, இந்தப் பயம் பெரிதா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று சொல்லியிருப்பார்.

"மொதலாளியம்மா" என்றார். "இந்த வட்டத்துல மட்டும் வைக்கக் கூடாதும்மா. இதுல தொளை இருக்கு. அது அடைச்சதுல உள்ள ஒண்ணும் வேலை செய்யல. கொஞ்சம் தவறியிருந்தா நாங்க ரெண்டு பேரும் இல்ல."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பொன்செல்வி ஜெயசித்ராவைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். தட்டில் ஆரத்தித் தண்ணீர் அலம்பிச் சிந்தியது. பொன்செல்வி அதைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வலது கை விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சந்தனம் இருந்தது.

"நீங்க எப்பப் பாத்தீங்க அண்ணாச்சி?"

"கட்டையை எடுக்கையில பாத்தேம்மா."

"பாத்துட்டா ஏறுனீங்க?" என்றாள் பொன்செல்வி. "பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம, அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு ஏறுனீங்களா? இத்தனை வருசமா வாய் நிறைய அண்ணாச்சின்னுதான கூப்பிடுதேன். ஏ பொன்செல்வி, அங்கன வைக்காதன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா? என் கையால ரெண்டு உசுரு போயிருக்குமே! என்கிட்டச் சொல்ல என்ன பயம் உங்களுக்கு?"

ஹுசைன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்களிடம் பயமில்லை என்று சொன்னால், பிறகு யாரிடம் என்று கேட்பாள்.

சங்கரசுப்பு ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அவள் கேட்கவில்லை. பூசைக்கு வைத்திருந்த செம்புத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, ஹுசைனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. உங்க கையாலயே தொடைங்க. நான் சொல்லுதேன்லா, தொடைங்க அண்ணாச்சி."

அவர் கையை நீட்டினார். துணிக்குப் பக்கத்தில் போன கை அதை வாங்கவில்லை. ஓடுதளத்து ஓரத்தில் போன்கள் இன்னும் இறங்காமல் இருந்தன.

"நீங்களே தொடைச்சிருங்கம்மா" என்றார்.

பொன்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கண் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், மில் ஆட்கள், பூசாரி, பைக்கில் வந்த பையன்கள். பிறகு விமானத்தின் பக்கம் திரும்பி, துளை தெரிகிற வரைக்கும் அந்தச் சந்தனத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது அவள் அழுதாள்.